ஓவன் ஒன்று, வாரத்துக்கு எட்டு ஆர்டர்: இனி பேக்கரிப் படிப்புக்குப் போகலாமா?

திண்டுக்கல்லில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 33, பி.காம். படித்தவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். நான்கு வருடமாக வீட்டில் கேக் செய்து விற்கிறார். வாரத்துக்கு ஏழெட்டு ஆர்டர் வருகிறது, ஒரு கிலோ 900 ரூபாய். கையில் 3 லட்சம் சேமிப்பு. வீட்டில் முட்டை புழங்காது. சமையற்கலைப் பள்ளியில் முறையாகப் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இந்த வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார முடியுமா, சான்றிதழால் பயன் உண்டா, எங்கே சேர்வது என்று கேட்கிறார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். படிக்கலாம், ஆனால் ஒன்றரை வருட டிப்ளமோவில் இந்த வருடம் பணத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கிறது.

நானும் வீட்டில் ஆரம்பித்தவள்தான். 28 லிட்டர் ஓ.டி.ஜி. (வீட்டு மின் ஓவன்), ஒரு கை பீட்டர், சமையலறை மேடையில் இரண்டடி இடம். அப்படியே ஐந்து வருடம் ஓட்டினேன். 35 வயதில் பேக்கரி டிப்ளமோவில் சேர்ந்தேன். அதற்கப்புறம் இரண்டு வருடம் பேக்கரியில் வேலை, இப்போது பன்னிரண்டு வருடமாக வகுப்பு எடுக்கிறேன். ஆகவே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன்.

சேர்ந்த இரண்டாம் நாளே செஃப் என்னைப் பார்த்து, “நீங்கதான் வீட்டில கேக் போட்டுப் பழகினவங்களாச்சே, இன்னைக்கு ஸ்பாஞ்ச் உங்க பொறுப்பு” என்றார். ஸ்பாஞ்ச் என்றால் க்ரீம் பூசும் முன் இருக்கும் வெறும் கேக். பன்னிரண்டு தட்டு. நான் வீட்டில் செய்கிற அளவைப் பன்னிரண்டால் பெருக்கி எல்லாவற்றையும் 20 லிட்டர் மிக்சரில் போட்டேன். வீட்டில் எவ்வளவு நேரம் அடிப்பேனோ அவ்வளவு நேரம் அடித்தேன். ஓவனில் ஒரு தடவைக்கு நாலு தட்டுதான் போகும். மீதி எட்டுத் தட்டுக் கலவை மேஜையில் காத்துக் கிடந்தது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்ட நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். நான் ஓவனைத் திறக்கும் வரை அது பொறுத்திருக்காது. முதல் நாலு தட்டு பரவாயில்லை. அடுத்த நாலு நடுவில் அமுங்கியது. கடைசி நாலைப் பார்த்தால் கேசரியைத் தட்டில் கொட்டிப் பரப்பியது போல இருந்தது.

செஃப் திட்டவில்லை. ஒரு துண்டைப் பிட்டு, உள்ளே இருந்த ஓட்டைகளைக் காட்டி, “ஏன்னு சொல்லுங்க” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் திரும்பவும் பன்னிரண்டு தட்டு. அதற்கு மறுநாளும்.

அந்தப் பன்னிரண்டு தட்டு என் வீட்டுச் சமையலறையில் நடந்திருந்தால் அந்த மாத லாபம் முழுதும் குப்பைக்குப் போயிருக்கும், நானும் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன். வீட்டில் கேக் செய்பவர்களின் நிலைமையே இதுதான். வாடிக்கையாளர் சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து நிற்பார், அதனால் கெடுத்துப் பார்க்க நமக்கு வழியே இல்லை. சரியாக வந்த நாலு கேக்கையே நாலு வருடம் செய்துகொண்டிருப்போம். பள்ளியில் கட்டும் பணத்தில் பெரும்பங்கு, மேற்பார்வையோடு கெடுத்துப் பார்ப்பதற்கான பணம் என்றே நான் நினைக்கிறேன். ரெசிபி இப்போது எங்கும் கிடைக்கிறது, அதற்காக யாரும் லட்சக்கணக்கில் கட்ட வேண்டியதில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு பள்ளியை எடை போடுவது எளிது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அங்கே போனால் கைவிட வேண்டிய பழக்கங்கள் சில இருக்கின்றன. அவற்றை வீட்டிலேயே இன்றே விடலாம், ஒரு பைசா கட்டணம் இல்லாமல்.

கப் கணக்கு அதில் முதலாவது. ஒரு கப் மைதாவைச் சலித்துப் போட்டால் 120 கிராம் வரும், பாக்கெட்டுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 140-க்கும் மேலே போகும். முட்டையிலும் இதே கதை. வெளிநாட்டு ரெசிபியில் ஒரு முட்டை என்றால் ஓடு நீக்கி 50 கிராம் என்று வைத்திருப்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் நாமக்கல் முட்டை பெரும்பாலும் ஓட்டோடு சேர்த்தே 50, 55 கிராம்தான். பத்து முட்டை போடும் இடத்தில் கிட்டத்தட்ட ஒரு முட்டை குறைகிறது. பள்ளியில் முட்டையை உடைத்து, கலக்கி, எடை போட்டுத்தான் ஊற்றுவார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் மைதாவுக்கு எதிரான சதவீதமாக எழுதும் முறை. மைதாவை எப்போதும் 100 என்று வைத்துக்கொள்வது. ஒரு சாதாரண இனிப்பு பன்னுக்கு மைதா 100, தண்ணீர் 58, சர்க்கரை 12, வெண்ணெய் 8, உப்பு 1.8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1.2 என்று இருந்தால் மொத்தம் 181. உங்களுக்கு 60 கிராம் உருண்டையாக 40 பன் வேண்டும், அதாவது 2,400 கிராம் மாவு. 2,400-ஐ 1.81-ஆல் வகுத்தால் மைதா 1,326 கிராம். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். பி.காம். படித்த உங்களுக்கு இது அரை மணி நேர வேலை. ஆனால் இதைக் கற்றபின் எந்த ரெசிபியைப் பார்த்தாலும், செய்யாமலே, அது கெட்டியாக வருமா தளர்வாக வருமா என்று சொல்லிவிடலாம். டிப்ளமோ முடித்தவர்களிலேயே இது கைவராதவர்கள் இருக்கிறார்கள்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர் நாட்டுப் பாடத்தை நாம் வெயில் ஊரில் படிக்கிறோம். “வெண்ணெயை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரவும்” என்று எழுதியவரின் அறை 20, 21 டிகிரி. உங்கள் அறை மே மாதத்தில் 35. அந்தச் சூட்டில் வெண்ணெய் இளகி எண்ணெயாகிவிடும். சர்க்கரையோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது பாதி கெட்டியாக இருக்கும் கொழுப்புதான், இளகிய வெண்ணெயால் அது முடியாது. கோடையில் மட்டும் கேக் இறுகிப் போகிறது என்று பல பேர் மைதா பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்ற வேண்டியது வெண்ணெயின் சூடு. 20 டிகிரி வாக்கில் இருக்கும்போதே அடிக்கத் தொடங்கி, கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்துக்கொண்டால் மே மாதத்திலும் எழும்பும்.

ரொட்டி மாவுக்கு இன்னும் சுவாரசியமான கணக்கு உண்டு. பிசைந்து முடிக்கும்போது மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மைதா, அறை, தண்ணீர் என்று மூன்று சூடு சேர்வதால் 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் மைதாவின் சூடு 31, அறையின் சூடு 33, மிக்சர் உரசலால் ஏறும் சூட்டுக்கு 12, மொத்தம் 76 கழித்தால் மிஞ்சுவது 2. ஊற்றும் தண்ணீர் 2 டிகிரியில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். குழாய்த் தண்ணீர் 30-ல் இருந்தால், 600 கிராம் தண்ணீரில் சுமார் கால் பங்கு ஐஸாகப் போட வேண்டும். கையால் பிசைந்தால் அந்த 12 வெகுவாகக் குறையும், ஐஸும் அவ்வளவு தேவைப்படாது. “ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்” என்று எல்லா வீடியோவிலும் சொல்வதைக் கேட்டு, திண்டுக்கல் வெயிலில் வெந்நீர் ஊற்றி, மாவு அரை மணியில் பொங்கிப் புளித்து, ‘ஈஸ்ட் வாடை வருகிறது’ என்று என்னிடம் வருகிறவர்கள் எத்தனையோ பேர். இட்லி மாவு வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கும், மார்கழியில் இரவு முழுக்கப் போதாது என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே அறிவை ரொட்டிக்கு மட்டும் ஏனோ எடுத்துப் போவதில்லை.

இதெல்லாம் பள்ளியில் சொல்லித் தருவதுதான். ஆனால் வீட்டில் முயன்று பார்த்து விட்டுப் போகிறவருக்குப் பாடம் ஒட்டும். வெறுங்கையோடு போகிறவர் நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதை ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள், என் பார்வையில் இதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. முழுநேரப் பேக்கரிப் படிப்பில் முட்டையைத் தொடாமல் இருக்க முடியாது. ஷூ பேஸ்ட்ரி (உள்ளே வெற்றிடமாகப் பொங்கும் பிரெஞ்சுப் பலகாரம்), கஸ்டர்ட் க்ரீம், மெரிங் (முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்த நுரை), ஸ்பாஞ்ச் எல்லாமே முட்டைதான். ஒரு நாளில் நூறு முட்டை உடைப்பீர்கள். தொடுவதற்கு மனம் ஒப்பி, சாப்பிட மட்டும் மாட்டேன் என்றால் சமாளிக்கலாம். என் வகுப்பிலேயே அப்படி முடித்தவர்கள் உண்டு. சுவை பார்க்கப் பக்கத்து மேஜைத் தோழியை நம்புவார்கள். அதில் ஒரு குறை இருக்கிறது. கஸ்டர்ட் அடிப்பிடித்திருக்கிறதா என்பதை நாக்கு சொல்வது போல வேறு எதுவும் சொல்லாது. தொடவே மாட்டேன் என்றால் முட்டையில்லாப் பேக்கிங் மட்டும் சொல்லித்தரும் குறுகிய வகுப்புகளே உங்களுக்குச் சரி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நம் ஊரில் முட்டையில்லாக் கேக்குக்கு இருக்கும் கூட்டம் உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒன்று. முட்டை கேக்கில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவரால்தான் அது இல்லாமல் நன்றாகச் செய்ய முடியும். காற்றைப் பிடிப்பது ஒரு வேலை. சூட்டில் இறுகிக் கேக்கைத் தாங்கி நிற்பது இன்னொன்று. மஞ்சள் கரு கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும். ஈரமும் நிறமும் தனி. தயிரும் சோடாவும் போட்டால் கேக் எழும்பும், ஆனால் தாங்கி நிற்காது. கண்டென்ஸ்டு மில்க் ஈரமும் நிறமும் தரும், காற்றைப் பிடிக்காது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் நுரை வரும், சூட்டில் முட்டை வெள்ளை போல இறுகாது. எது எந்த வேலைக்கு என்று பிரித்துத் தெரியாமல் “ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர்” என்று போட்டால் சில நாள் வரும், சில நாள் வராது.

இங்கே ஒரு கிளைக்கதை. மெரிங் பாடம் நடந்த அன்று, முட்டை வெள்ளையில் சர்க்கரையைச் சேர்த்து அடிப்பதையும், பாதாம் பொடி கலந்து பிரெஞ்சுக்காரர்கள் மக்ரோன் செய்வதையும் செஃப் விளக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒரு தூத்துக்குடிப் பையன் சிரித்துவிட்டான். அவன் ஊர் மக்ரூனும் முட்டை வெள்ளை, சர்க்கரை, பாதாமுக்குப் பதில் முந்திரி. கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் காயவிட்டு எடுப்பார்கள். அவன் தாத்தா காலத்தில் இருந்தே வீட்டில் பார்த்த வேலை. அன்று மெரிங்கில் வகுப்பிலேயே அவன் கைதான் சுத்தம். அடித்த வெள்ளையில் முந்திரிப் பொடியை எவ்வளவு குறைவாகக் கிளற வேண்டும் என்பது அவனுக்குக் கையிலேயே இருந்தது. மற்ற எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உங்களை “அக்கா” என்பார்கள், ஒரு மாதத்தில் உங்கள் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை கால். தினம் ஏழெட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மைதா மூட்டை 50 கிலோ, அதை இரண்டு பேராகத் தூக்க வேண்டியிருக்கும். ஓவன் கதவு முன்கையில் ஒரு கோடாவது போடும், என் கையில் நாலு இருக்கிறது. வளையல், மோதிரம், நகப்பூச்சு, பூ எதுவும் கூடாது. தாலிச் சங்கிலியைப் பெரும்பாலான இடங்களில் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டில் யாராவது இதற்கு முகம் சுளிப்பார்கள் என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சேர்ந்தபிறகு பேசினால் தினமும் அதே பேச்சாக ஓடும்.

மொழி இன்னொரு தடங்கல், ஆனால் சின்னத் தடங்கல். தேர்வு ஆங்கிலத்தில், பாதிச் சொற்கள் பிரெஞ்சில். அதைப் பார்த்து மிரளாதீர்கள். ‘மிஸ் ஆன் ப்ளாஸ்’ என்று முதல் வகுப்பில் எழுதிப் போடுவார்கள். வேலை தொடங்கும் முன் எல்லாப் பொருளையும் அளந்து, நறுக்கி, எடுத்து வைப்பது, அவ்வளவுதான். கல்யாணச் சமையல்காரர் முந்தின ராத்திரியே காய் நறுக்கி, தேங்காய் துருவி, சாமான் பட்டியலோடு சரிபார்த்து வைப்பாரே, அதே வேலை.

இனி சான்றிதழ். கேக் வாங்க வருகிறவர் யாரும் சான்றிதழைக் கேட்க மாட்டார். சொந்தத் தொழிலுக்குச் சட்டப்படி வேண்டியது உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவுதான். இதுவரை எடுக்கவில்லை என்றால் படிப்பைப் பற்றி யோசிக்கும் முன் அதை எடுங்கள். சான்றிதழ் வேலை செய்யும் இடங்கள் மூன்று: நட்சத்திர ஓட்டல் வேலை, வெளிநாடு, ஆசிரியர் பணி. இந்த மூன்றில் ஒன்று உங்கள் மனதில் இருந்தால் என் பதில் முழுக்க மாறும், டிப்ளமோதான் வழி. சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்லூரியில் பேக்கரி, கன்ஃபெக்‌ஷனரிக்கென்று தனி டிப்ளமோ உண்டு. தொழிற்பயிற்சியோடு சேர்த்து ஒன்றரை வருடம். தனியார் பள்ளிகளை விடச் செலவு மிகக் குறைவு. திருச்சி துவாக்குடியிலும் மாநில ஓட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குக் கிட்டத்தில். வயது, கல்வித் தகுதியை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. திட்டத்திலும் ‘பேக்கர் அண்ட் கன்ஃபெக்‌ஷனர்’ என்று ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. எல்லா ஊரிலும் கிடைக்காது, ஆனால் பெயர் பெரிதில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தனியாரில் பெங்களூருதான் பெரிய சந்தை. அங்கே முழுநேரப் படிப்பு என்றால் கட்டணமே சில லட்சங்கள், தங்கும் செலவு வேறு. உங்கள் 3 லட்சம் அதில் கரைந்துவிடும். சில பள்ளிகள் ‘சிட்டி அண்ட் கில்ட்ஸ்’ சான்றிதழ் என்று விளம்பரம் செய்வார்கள். அது 1878-இல் லண்டனில் தொடங்கிய தொழிற்கல்வித் தேர்வு அமைப்பு. அந்தப் பெயர் இருந்தால் தேர்வுக்கு ஒரு தரம் இருக்கும், ஆனால் உங்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் யார் என்பதை அது சொல்லாது. பாரிஸில் 1895-இல் தொடங்கிய லெ கோர்டான் ப்ளூ பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே பேஸ்ட்ரி படிப்பு மூன்று படிகளாக இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் முதலில் செஃப் செய்து காட்டுவார், பிறகு மாணவர் தன் கையால் செய்ய வேண்டும். நல்ல பள்ளி. கடன் வாங்கிப் போகாதீர்கள் என்பதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளியை எடை போடுவது பற்றிச் சொல்கிறேன் என்றேன். கண்ணாடிச் சுவர், வெள்ளைக் கோட்டு, வாசலில் மூன்றடுக்குச் சர்க்கரைக் கேக், இதையெல்லாம் பார்க்காதீர்கள். ஒரு ஓவனுக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தனியாகச் செய்வார்களா, நாலு பேருக்கு ஒரு மேஜையா என்று கேளுங்கள். நாலு பேருக்கு ஒன்று என்றால் ஒருவர் செய்வார், ஒருவர் படம் எடுப்பார், இருவர் பாத்திரம் கழுவுவார்கள். நீங்கள் மூத்தவர், ‘கை பழகினவர்’ என்பதால் செய்கிற இடம் உங்களுக்கு வரலாம்; வந்தாலும் அதே பன்னைத் திரும்பச் செய்ய நேரம் தருவார்களா? “கெட்டுப்போனால் திரும்பச் செய்ய மைதா, வெண்ணெய் யார் தருவது?” என்று வாய்விட்டே கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அலுவலக அறையில் இருப்பவர் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். நான் சேர்ந்த ஒரு குறுகிய வகுப்பில் மூன்று நாளும் ஆசிரியரே செய்து காட்டினார், கடைசி நாள் ஆளுக்கொரு கப் கேக்கில் ரோஜாப்பூ பிழியக் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்திருக்கலாம். க்ராசான் (வெண்ணெயை உள்ளே வைத்து மாவை மடித்து அடுக்கடுக்காகச் செய்யும் ரொட்டி) சொல்லித்தருகிறோம் என்றால் மாவு மடிக்கும் அறையில் குளிரூட்டி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். அறை 20 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் மாவுக்குள் கரைந்துவிடும், பிறகு வருவது க்ராசான் வடிவத்தில் ஒரு பன்.

சாக்லேட் வகுப்பிலும் ஒரு கேள்வி: காம்பவுண்டா, கூவர்சரா? நாம் வீட்டில் புழங்குவது காம்பவுண்ட், அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. உருக்கி ஊற்றினால் தானே இறுகும். கூவர்சர் என்பது கோகோ வெண்ணெய் உள்ளது. அந்த டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28-க்கு இறக்கி, திரும்ப 31, 32-க்கு ஏற்றினால்தான் பளபளப்பும் ‘டக்’ என்று உடையும் குணமும் வரும். காம்பவுண்டை மட்டும் வைத்துச் ‘சாக்லேட் மாஸ்டர் கிளாஸ்’ நடத்துகிறவர்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இப்போது உங்கள் கணக்கு. நீங்கள் எழுதியபடி ஒரு கிலோ கேக்குக்குப் பொருள் 340, பெட்டி, போர்டு, மெழுகுவத்தி வகையில் 60, மின்சாரம் 20. 900-இல் இதெல்லாம் போக 480 மிச்சம். அது லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்கள் கூலி எங்கே? ஸ்பாஞ்ச் போட்டு, ஆறவிட்டு, க்ரீம் அடித்து, அலங்கரித்து, பாத்திரம் கழுவி, வாட்ஸ்அப்பில் “அக்கா, அந்தப் பூ கொஞ்சம் லைட் பிங்க்” என்பது வரை பேசி முடிக்க நாலு மணி நேரம். மணிக்கு 120 ரூபாய். எட்டு கேக்கை எட்டுத் தடவை முதலில் இருந்து செய்வதால் வரும் நிலைமை இது. ஸ்பாஞ்சை வாரத்தில் ஒரே நாள் மொத்தமாகப் போட்டு, ஆறியதும் இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, தேவைக்கு எடுத்தால் அதே கேக் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். எந்தப் பேக்கரியிலும் அப்படித்தான். ஆக, உங்களுக்கு இப்போது குறையாக இருப்பது மொத்தமாகச் செய்யும் பழக்கம். அதற்கு ஒன்றரை வருடமும் சென்னை ஹாஸ்டலும் தேவையில்லை.

என் யோசனை இதுதான். ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் வீட்டிலேயே: ஒரு நல்ல டிஜிட்டல் தராசு, ஒரு ஓவன் தெர்மாமீட்டர், மாவில் குத்திப் பார்க்கும் ஒரு தெர்மாமீட்டர். உங்கள் ஓ.டி.ஜி.யில் முள்ளை 180-ல் வைத்தால் உள்ளே உண்மையில் எவ்வளவு என்று பாருங்கள், அதிர்ச்சி அடைவீர்கள். ஒரே ஒரு பன்னை எடுத்துக்கொண்டு இருபது தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் மாவின் சூடு, பொங்கிய நேரம், எடை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சலித்துப்போகும், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

அடுத்து, குறுகிய வகுப்புகள் இரண்டு. ஒன்று ரொட்டிக்கு, ஒன்று நீங்கள் முட்டை பற்றி எடுக்கும் முடிவைப் பொறுத்து. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பேக்கரிப் பொருள்களுக்கான ஓரிரு நாள் பயிற்சிகள் அவ்வப்போது நடக்கும், கட்டணம் கையைக் கடிக்காது. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுப் பதனிடும் தொழில்நுட்ப நிறுவனமும் பயிற்சிகள் நடத்துகிறது. அங்கே அலங்காரம் சொல்லித்தர மாட்டார்கள். பொருள் எத்தனை நாள் தாங்கும், எப்படி அடைப்பது, லேபிளில் என்ன எழுத வேண்டும் என்பதில் அவர்கள் கெட்டி. வீட்டில் தொழில் செய்பவருக்கு இதில்தான் அதிகம் ஓட்டை.

கடைசி இரண்டு மாதம் உங்கள் ஊர் பேக்கரி ஒன்றில் நில்லுங்கள். இதுதான் கஷ்டமான பகுதி, மறைக்காமல் சொல்கிறேன். நம் ஊர்ப் பேக்கரிகளின் பின்கட்டில் பெண்களைப் பார்ப்பது அபூர்வம். மாஸ்டர்கள் ஆண்கள், ரொட்டி வேலை நடுராத்திரிக்குப் பிறகு தொடங்கும், வெக்கை. “நீங்க கவுன்டர்ல உட்காருங்கம்மா” என்பார்கள். கேக் பகுதி பகலில்தான் நடக்கும், அங்கே கேளுங்கள். சம்பளம் வேண்டாம், காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை வருகிறேன், தட்டுக்கு எண்ணெய் தடவுவதில் இருந்து செய்கிறேன் என்று சொல்லுங்கள். முதலாளி சம்மதித்தாலும் மாஸ்டர் சம்மதிக்க வேண்டும். பல மாஸ்டர்களுக்கு அளவு எல்லாம் கையில்தான், எழுத்தில் இருக்காது. கேட்டாலும் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் தொட்டுப் பார்த்தே மாவு தயாரா என்று சொல்லும் அந்தக் கையை எந்த டிப்ளமோவிலும் நான் பார்த்ததில்லை. நீங்கள் உங்கள் தெர்மாமீட்டரை அவர் மாவில் ஒரு தடவை குத்திப் பாருங்கள், 26-க்கு ஒரு டிகிரி இப்படி அப்படி இருக்கும். அவரே ஆச்சரியப்படுவார். அதற்கப்புறம் பேச்சு தொடங்கும்.

இந்த ஆறு மாதத்தில் உங்கள் 3 லட்சத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். வாடிக்கையாளர்களையும் விட்டிருக்க மாட்டீர்கள். ஆர்டரை மட்டும் வெள்ளி, சனி என்று சுருக்கிக்கொள்ளுங்கள், மற்ற நாளில் கேட்பவரிடம் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். நான் டிப்ளமோ படித்தபோது ஆர்டரை நிறுத்தவே இல்லை. பகலில் வகுப்பு, ராத்திரியில் கேக். மூன்றாம் மாதம் ஒரு பிறந்தநாள் கேக்கில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டுக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, குழந்தைக்கு ஒரு வயதுதான், அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்களுக்குத் தெரிந்தது.

அதன் பிறகும் டிப்ளமோ ஆசை குறையவில்லை என்றால் தரமணிக்கு விண்ணப்பியுங்கள். அப்போது உங்களிடம் “ஏன் இப்படி ஆகிறது” என்று ஐம்பது கேள்விகள் எழுதிய ஒரு நோட்டு இருக்கும். அப்படி நோட்டோடு வருகிற மாணவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பிடிக்கும், அவர்களால் கொஞ்சம் பயமும் உண்டு.

நீங்கள் கடைசியாகக் கேட்ட சின்னக் கேள்வி: சேரும் முன் என்ன வாங்க வேண்டும்? க்ரீம் பிழியும் நாசில் செட்டு, கேக் சுழலும் மேடை எதுவும் வேண்டாம், உங்களிடம் இருப்பதே அதிகம். முன்பக்கம் மூடிய, வழுக்காத ஷூ ஒன்று, வழக்கமான அளவை விட அரை அளவு பெரிதாக. கடைக்குச் சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் வீங்கி இருக்கும்.